வனஜாவுக்குத் தம்பி இல்லை

சேசு மரி சூசை
தம்மம்பட்டி மடம்
30-6-1963

அன்புள்ள தம்பி அற்புதத்துக்கு அக்கா இன்பமேரி எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் நான் இங்கே சுகம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா, உனக்கு வேளைக்குச் சோறு இறங்குகிறதா என்று எழுது.

கன்னியர் உடுப்பு வாங்கி ஒரு மாதம் ஆகிறது. தலையில் வெள்ளை முக்காடு. பெயரையும் மாற்றி சிஸ்டர் ரோசலி என்று வைத்துவிட்டார்கள். யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பாட்டுக்குத் துணி அலசிக்கொண்டு நிற்கிறேன். போர்டிங் பிள்ளைகளின் துணி, கோயில் துணி, சாமியார் அங்கி எல்லாம் எங்கள் கையில்தான். கஞ்சி போட்டு, உலர்த்தி, பெட்டி போட்டு முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுபோகிறது. பரவாயில்லை, பழகிவிடும் என்கிறார்கள்.

இந்த வீட்டு ஒழுங்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் ஒரு கடிதம் எழுதலாம். போகிற கடிதம், வருகிற கடிதம் இரண்டையும் மதர் செசீலியா படித்த பிறகுதான் கொடுப்பார்கள். அதனால் லாரி ஆபீஸ் வசவையெல்லாம் எழுதித் தொலைக்காதே. நாவல் படிக்கக் கூடாது. வேதத்துக்காக உயிர் விட்ட அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரம் உண்டு. ஆனால் விஞ்ஞானக் கதைகளைப் பற்றி உன்னோடு கடிதத்தில் பேசலாமா என்று மதரைக் கேட்டேன். “வானமும் நட்சத்திரமும் ஆண்டவர் படைத்ததுதானே, எழுதிக்கொள்” என்றார்கள். அது போதும் எனக்கு.

ரஷ்யாக்காரப் பெண் ஒருத்தி ராக்கெட்டில் போனாளாமே? சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அவள் போனதுகூட எனக்கு ஆச்சரியமில்லை. மூன்றே நாளில் வீடு திரும்பிவிட்டாளாமே, அதுதான்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களைப் பார்க்க வரலாம். ஆத்தூர் பஸ் நம் வாசல் வழியாகத்தானே போகிறது, ஆத்தூரில் இறங்கி மாறினால் போதும். அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. நீ மட்டும் வந்தாலும் போதும்.

உன்னை ஜெபத்தில் மறவாத அக்கா,
இன்பமேரி


அயோத்தியாப்பட்டணம்
14-7-1963

அன்புள்ள அக்காவுக்கு அற்புதராஜ் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அப்பா முழங்காலுக்கு நொச்சி ஒத்தடம் கொடுக்கிறார். அம்மாவுக்கு மூச்சிரைப்பு அப்படியேதான், ஆனால் சந்தோஷத்தில் அது தெரிவதில்லை. கோயிலுக்குப் போனால் ‘கன்னியாஸ்திரி அம்மா’ என்று முன் வரிசையில் இடம் விடுகிறார்களாம். தினமும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “எட்டு வயசுல இவன் வெஷக்காய்ச்சல்ல கெடந்தப்ப, இவன் பொழச்சா பொண்ண உனக்கே குடுத்தர்றேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். கேட்டத அவ குடுத்தா, சொன்னத நான் குடுத்துட்டேன்.” எனக்கே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நான் ஓய்ந்துபோய்க் கிடக்கிறேன் அக்கா. புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து எந்த லாரி எங்கே நிற்கிறது என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஞாயிறு ஒரு நாள்தான் உயிர் வருகிறது. பொன்னன் சைக்கிள் கடை மாடியில் நம் விஞ்ஞானக் கதை வாசகர் சங்கம் கூடுகிறது. நான்தான் காரியதரிசி! அதனால் முதல் ஞாயிறு வர முடியாது. தப்பாக நினைக்காதே.

இப்போது பெரிய ரகளை. ‘மலர்ப்பொழில்’ வாரப் பத்திரிகையில் வாக்கெடுப்பு வைத்திருக்கிறார்கள், வாசகர்களின் அபிமான விஞ்ஞான நாவலாசிரியர் யார் என்று. சங்கம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்து சயன்ஸ் வாத்தியார் குமாரசாமி, திருமலைநம்பி பி.எஸ்ஸி. கட்சி. “அவரு கதையில ராக்கெட்டோட ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்கு இருக்குதுங்க” என்கிறார். தறி ஓட்டும் வெங்கடாசலம் ககனப்பிரியன் கட்சி. “திருகாணிய வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது? செவ்வாய் கிரகத்துல கறிவேப்பிலை கெடைக்கலேன்னு ஒருத்தி அழுவுறா பாருங்க, அதல்லவா கதை!” என்கிறான். நானும் ககனப்பிரியன் பக்கம்தான். உன் ஓட்டு யாருக்கு? எந்த நாவலுக்கு? காரணத்தோடு எழுது.

இங்ஙனம்,
ச. அற்புதராஜ்
காரியதரிசி, வி.க.வா. சங்கம்


சே. ம. சூ.
தம்மம்பட்டி மடம்
31-8-1963

அன்புள்ள தம்பி காரியதரிசிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். போன மாதம் எழுத முடியவில்லை. போர்டிங்கில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டு, எல்லோருக்கும் துணி மாற்றி, வேப்பிலைத் தண்ணீர் வார்த்து, நின்றபடியே தூங்கினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் தங்கமானவர்கள். என் இடுப்பைச் சுற்றிக்கொண்டு “சிஸ்டர், சிஸ்டர்” என்று திரிகிறார்கள்.

என் ஓட்டு ககனப்பிரியனுக்குத்தான். நாவல், ‘காற்றில்லாத ஊர்’. அந்த பி.எஸ்ஸி.யின் ஆட்கள் ராக்கெட்டை ஓட்டுகிறார்கள். இவருடைய ஆட்கள் அதற்குள் உட்கார்ந்து வீட்டை நினைக்கிறார்கள். காரணம் அவ்வளவுதான்.

அதில் வரும் வனஜாவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சந்திரனில் கண்ணாடிக் கூண்டு கட்டி, அதற்குள் காற்றை அடைத்துச் செடி வளர்க்கப் போனாளே, அவள்தான். எல்லோரும் மாலை போட்டு, கைதட்டி அனுப்பிவைத்தார்கள். இரண்டாம் வருஷம் அவளால் முடியவில்லை. அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் முடியவில்லை. மற்றவர்கள் கேட்கும்படி வெளிப்படையாகச் சொல்லவும் வழியில்லை. அப்போது பூமியில் இருக்கிற தன் தம்பிக்கு ரேடியோவில் சேதி அனுப்புகிறாள், ‘கப்பலை அனுப்பு, நான் வந்துவிடுகிறேன்’ என்று. அதன் பிறகு என்ன ஆயிற்று? தம்பி அனுப்பினானா? எனக்கு அந்த இடம் மறந்துபோய்விட்டது. கொஞ்சம் யோசித்து எழுது அற்புதம்.

அக்கா,
இன்பமேரி


அயோத்தியாப்பட்டணம்
22-9-1963

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தைச் சங்கத்தில் உரக்கப் படித்தேன். ‘வீட்டை நினைக்கிறார்கள்’ என்ற வரிக்கு வெங்கடாசலம் எழுந்து நின்று கும்பிட்டான். குமாரசாமி வாத்தியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் அக்கா, வனஜா விஷயத்தில் என் மானத்தை வாங்கிவிட்டாய். வனஜாவுக்கு ஏது தம்பி? மூன்றாம் அத்தியாயத்திலேயே, தாய் தகப்பனுக்கு ஒரே பெண் என்று வருகிறது. அவள் கப்பலை அனுப்பச் சொல்லவே இல்லை. கடைசியில் கப்பல் வருகிறது, எல்லோருக்கும் இடம் போதவில்லை, “நான் செடிகளோடு இருந்துகொள்கிறேன்” என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு சாகிறாள். நீதானே அந்த வாரம் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு சோறு சாப்பிடாமல் அழுதாய்? அதை எப்படி மறந்தாய்?

“அக்கா சொன்னா தப்பு இருக்காதுங்க” என்று பொன்னன் உனக்காகப் பந்தயம் கட்டினான். பைண்டு பண்ணி வைத்திருக்கிற புத்தகத்தை எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரு ஞாயிறு பூராவும் ஆள் மாற்றி ஆள் படித்தோம். தம்பி இல்லை. பொன்னன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். நீ, திருமலைநம்பி எழுதிய ‘நிலாவில் நாற்பது பேர்’ கதையையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டாய் என்று சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. அதில்தான் ஒரு தம்பி வருகிறான்.

இங்ஙனம்,
ச. அற்புதராஜ்
காரியதரிசி


சே. ம. சூ.
தம்மம்பட்டி மடம்
31-10-1963

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு இருமல் கொஞ்சம். மழை பிடித்துக்கொண்டு துணி எதுவும் உலரவில்லை, ஈரத்திலேயே நிற்கிறோம். மற்றபடி சுகம். அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

புத்தகத்தை நன்றாகப் பார்த்தாயா? எனக்கென்னவோ ஒரு தம்பி இருக்கிறான் என்றுதான் படுகிறது. அவனுக்குச் சின்ன வயசில் காய்ச்சல் வந்தது. அவன் பிழைத்தால் இவளை அனுப்பிவிடுவதாகப் பெரியவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அதற்காகத்தான் அவள் போனாள். யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டாள். மாட்டேன் என்று சொன்னால் அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். இப்போதும் அதே பயம்தான். அதனால் கப்பலை அனுப்பு என்று வேறு யாரிடமும் அவளால் கேட்க முடியாது. அவன் ஒருவனிடம்தான் கேட்க முடியும். அவன்தான் வந்து, ‘எனக்கு ஒன்றும் ஆகாது, நீ வா’ என்று சொல்ல வேண்டும்.

உனக்கும் சின்ன வயசில் காய்ச்சல் வந்ததே, அந்த இடமாவது உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, “அந்த வனஜாவுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று?” என்று மதர் கேட்டார்கள். “தம்பி எழுதுவான் மதர்” என்றேன்.

வருகிற முதல் ஞாயிறு வர முடியுமா?

அக்கா


அயோத்தியாப்பட்டணம்
15-12-1963

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் குடி. போன மாதம் எழுதாததற்குக் கோபிக்காதே. தீபாவளி லோடு, அதோடு இரண்டு லாரி ஆத்தூர் ரோட்டில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தால் படுக்கையில் விழத்தான் தெம்பு இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். காய்ச்சல், வாக்கு, பெரியவர்கள்! அக்கா, நீ வனஜா கதையையும் நம் வீட்டுக் கதையையும் போட்டுக் குழப்பிக்கொண்டாய்! காய்ச்சல் வந்தது எனக்கு, வனஜாவின் தம்பிக்கு இல்லை. மடத்தில் கதைப் புத்தகமே கண்ணில் படாததால் வந்த வினை இது. “பட்டினி கெடக்குறவன் கனவுல சாப்புடற மாதிரி அக்காவே கதை கட்டிக்குது” என்று வெங்கடாசலம் சொல்கிறான். ஆனாலும் உன் கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவனுக்கு எண்ணம். “இப்பிடி எழுதியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்றான். குமாரசாமி வாத்தியார் மட்டும் கடிதத்தை வாங்கித் தானே ஒரு தரம் படித்துவிட்டு, “நீ ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாயேன் அற்புதம்” என்றார். எதிர்க் கட்சி, பேச்சை மாற்றுகிறார்.

இதை ஒரேயடியாக முடித்துவிடுவதென்று ககனப்பிரியனுக்கே ஜவாபு கார்டு போட்டிருக்கிறேன், ‘மலர்ப்பொழில்’ ஆபீஸ் விலாசத்துக்கு. எழுதியவரே சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை, என்ன?

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்.

இங்ஙனம்,
ச. அற்புதராஜ்
காரியதரிசி


சே. ம. சூ.
தம்மம்பட்டி மடம்
2-1-1964

அன்புள்ள தம்பிக்கு,

புது வருஷ ஆசீர்வாதம் உங்கள் எல்லோருக்கும். குடில் கட்டியதும், பலகாரம் சுட்டதும், பாடல் பூசைக்குப் பாடியதுமாகப் பண்டிகை போயிற்று. இருமல் இன்னும் போகவில்லை. பாடும்போது பாதியில் மூச்சு நின்றுவிடுகிறது.

ககனப்பிரியனிடம் கேட்டிருக்க வேண்டாம். அவருக்கு என்ன தெரியும்? எழுதினதோடு அவர் வேலை முடிந்தது. படித்தவர்கள் நாம்தானே.

வனஜா சிரித்த முகத்தோடு இருந்தாள் என்பது சரிதான். செடிகளை நன்றாகப் பார்த்துக்கொண்டாள், அதுவும் சரி. கண்ணாடிக் கூண்டு கட்டியவர்கள் மேல் அவளுக்கு வருத்தம் கிடையாது. கூட இருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் காற்று போதுமாக இருந்தது. அவளுக்குப் போதவில்லை. அவளுக்குச் சந்தை இரைச்சல் வேண்டும், தெருவில் யாராவது சண்டை போட வேண்டும், ஒரு குழந்தை அவளுடையதாக அழ வேண்டும். சாக அவளுக்கு இஷ்டமில்லை அற்புதம். இதை நீ நம்ப வேண்டும்.

குமாரசாமி வாத்தியாருக்கு என் நமஸ்காரத்தைச் சொல். அவர் சொன்னபடி ஒரு நடை வா.

அக்கா


அயோத்தியாப்பட்டணம்
9-2-1964

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம்! ஜெயித்துவிட்டோம், அதாவது நான் ஜெயித்துவிட்டேன்! ககனப்பிரியன் தம் கைப்பட பதில் போட்டிருக்கிறார். கார்டைச் சங்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அப்படியே நகல் எழுதுகிறேன்:

‘அன்புள்ள வாசக நண்பருக்கு, தங்கள் சகோதரியாரின் ஈடுபாடு மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் வனஜாவுக்குத் தம்பி இல்லை. அவளைத் திரும்ப அழைக்க எவரும் இல்லாதபடிதான் அந்தப் பாத்திரத்தை அமைத்தேன். அழைக்க ஆள் இருந்தால் கதை நின்றிருக்காது. ககனப்பிரியன்.’

பார்த்தாயா? இனி அப்பீல் கிடையாது. வழக்கு முடிந்தது.

வாக்கெடுப்பில்தான் நம் கட்சிக்கு அடி. திருமலைநம்பி பி.எஸ்ஸி.க்கே முதல் இடம். ஊர் ஊராகப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லோரும் சேர்ந்து குத்தியிருப்பார்கள் என்று வெங்கடாசலம் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆனால் குமாரசாமி வாத்தியார் ஜெயித்த சந்தோஷத்தைக் கொண்டாடவே இல்லை. அக்காவைப் பார்த்துவிட்டு வந்தாயா என்றுதான் என்னைக் கேட்டார். வருகிறேன் அக்கா, லோடு குறையட்டும்.

இங்ஙனம்,
ச. அற்புதராஜ்
காரியதரிசி


சே. ம. சூ.
தம்மம்பட்டி மடம்
31-3-1964

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வாழ்த்து. அதற்கு முந்தைய தபசுகாலம் நாற்பது நாளும் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை.

திருநாளை முன்னிட்டுப் பார்க்க விட்டதால் நேற்று அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா வழி நெடுக வாந்தி எடுத்தாளாம், முகம் வெளுத்துப்போயிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீ இங்க இருக்கறதாலதான், சாமி, அவன் உசுரோட இருக்கான்” என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன்.

மே மாதம் 31, இராக்கினி மாதா திருநாளன்று எனக்கு வார்த்தைப்பாடு. மடத்திலேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்தாகிவிட்டது.

கார்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். ஆமாம் சாமி, வனஜாவுக்குத் தம்பி இல்லை. இருக்கிறான் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்ன பிறகு என்ன இருக்கிறது? இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். எனக்கும் அலுத்துவிட்டது.

அக்கா


அயோத்தியாப்பட்டணம்
19-4-1964

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். வார்த்தைப்பாட்டுச் செய்தி கேட்டு வீடே அமளிப்படுகிறது. அம்மா முறுக்குச் சுற்ற ஆள் பிடித்தாகிவிட்டது. வேளாங்கண்ணி அத்தை வீட்டில் எல்லோரும் வருகிறார்கள். எங்கள் ஆபீஸ் லாரி ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறேன், பாய் விரித்து அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். சங்கத்து ஆட்களும் வரலாமா என்று மதரிடம் கேட்டு எழுது.

கடைசியில் தோல்வியை ஒத்துக்கொண்டாயே, சபாஷ்! ஆனால் அதற்காகக் கதையைப் பற்றி எழுதுவதையே விட்டுவிடாதே. ககனப்பிரியனின் புதுத் தொடர் ஆரம்பித்திருக்கிறது. கதாநாயகி ஒரு விண்மீனுக்குத் தபால் கொண்டுபோகிறாள். உனக்காக ஒவ்வொரு வாரமும் பக்கத்தை எடுத்து வைக்கிறேன், பைண்டு போட.

இங்ஙனம்,
ச. அற்புதராஜ்
காரியதரிசி


சே. ம. சூ.
தம்மம்பட்டி மடம்
2-5-1964

திரு. அற்புதராஜ் அவர்களுக்கு, மதர் செசீலியா எழுதுவது. உங்கள் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை உங்கள் சகோதரியிடம் நான் கொடுக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒரு கடிதத்தை நான் நிறுத்தி வைப்பது இதுவே முதல் தடவை.

நான் நாவல் வாசிப்பவள் அல்ல. ககனப்பிரியன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டை விட்டு வந்த பெண்களின் கடிதங்களை வெகு காலமாக வாசிக்கிறவள். வனஜா யார் என்பது அக்டோபர் மாதக் கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வரியையும் நான் அடிக்கவில்லை. தபாலில் சேர்ப்பது என் வேலை, சேர்த்தேன். நீங்கள் வருவீர்கள் என்று ஒவ்வொரு முதல் ஞாயிறும் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் பார்லரில் ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். நீங்களோ புத்தகத்தைப் புரட்டி, அவளுக்குத் தம்பி இல்லை என்று கண்டுபிடித்து எழுதினீர்கள்.

அவளைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன். “சந்தோஷமாக இருக்கிறேன் மதர்” என்கிறாள். சொல்லும்போதே கண் நிறைகிறது. தான் வெளியே வந்தால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று அவள் நம்புகிறாள். உங்கள் தாயார் அப்படி நம்ப வைத்திருக்கிறார். ஆண்டவர் அப்படியெல்லாம் பண்டமாற்றுச் செய்கிறவர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான். என் வாயால் சொன்னால் போதாது. யாருக்காக நேர்ந்துகொண்டார்களோ, அவர் வந்து சொல்ல வேண்டும்.

நல்ல பெண். எந்த வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டாள். எங்களுக்கு இப்படி ஒரு கை கிடைப்பது அபூர்வம். ஆனால் முழு மனது இல்லாமல் கொடுக்கிற வார்த்தைப்பாட்டை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. நானாக அவளைத் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால், மடத்தில் தள்ளிவிட்டார்கள் என்று ஊர் பேசும், அந்தப் பேச்சோடு அவள் ஆயுசு முழுக்க இருக்க வேண்டும். வீட்டு ஆள் வந்து வேண்டும் என்று கேட்டு அழைத்துப் போனால் அது வேறு.

முதல் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். எந்த நாளும் வரலாம். வரும்போது கலர்ச் சேலை ஒன்று எடுத்து வாருங்கள். எங்களிடம் இருப்பதெல்லாம் வெள்ளை.

ஆண்டவர் உங்களுக்குத் துணை,
மதர் செசீலியா


அயோத்தியாப்பட்டணம்
6-5-1964

அக்கா,

மதர் கடிதம் நேற்று ஆபீஸுக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்து, மேஜை டிராயரில் வைத்திருந்த உன் கடிதங்களை முதலிலிருந்து படித்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோமே, அதற்கு என்னை மன்னித்துவிடு அக்கா. குமாரசாமி வாத்தியாரிடம் மதர் கடிதத்தைக் காட்டினேன். “எனக்குச் சந்தேகம்தான் இருந்துச்சு. கூடப் பொறந்தவனுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்” என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். வீட்டில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். “குடுத்ததத் திருப்பிக் கேக்கறியே, மாதா சும்மா விடுவாளாடா?” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “காய்ச்சல் வந்தது எனக்கும்மா. கணக்குத் தீக்கறதுன்னா நான் தீத்துக்கறேன். அவ எதுக்கு?” என்றேன். “நீ செத்துப்போனா நான் என்னடா பண்ணுவேன்?” என்றாள். “ஒரு நாளைக்கு எல்லாரும் சாகத்தாம்மா போறோம். உசுரோட இருக்கறவளப் போயிக் கூட்டியாரேன்” என்றேன். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. அப்பாதான் எழுந்து வந்து, “போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்” என்றார். நீ வந்த பிறகும் அம்மா கொஞ்ச நாள் முகம் கொடுக்க மாட்டாள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எல்லாம் சுகமாக இருக்கும் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் உன் பக்கத்தில் நான் இருப்பேன்.

சேலை நானே எடுத்தேன். கடைக்காரர் கல்யாணமா என்று கேட்டார். இல்லீங்க, அக்கா ஊட்டுக்கு வருது என்றேன். எனக்குக் கலர் பார்த்து எடுக்கத் தெரியவில்லை, கத்தரிப்பூ நிறம் என்று சொல்லிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால் மதர் படித்துவிட்டு உன்னிடம் கொடுப்பார்கள். நீ யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். துணியை அலசிக்கொண்டு உன் இடத்திலேயே இரு. நான் உள்ளே வந்து, மதர் முன்னால் நின்று, நானே கேட்கிறேன், எங்கள் அக்கா எங்களுக்கு வேண்டும் என்று.

உன் தம்பி,
அற்புதம்